மோட்டோகிராஸ் வண்டிகளை ஒப்பிட்டுச் சோதிப்பது: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பையன்கள் வாட்ஸ்அப்பிலும் பட்டறை வாசலிலும் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, மோட்டோகிராஸ் பைக்குன்னா எக்ஸ்பல்ஸ் மாதிரி உள்ள வண்டிதானே?

இல்லை தம்பி. சொந்தம் உண்டு, ஆனால் வேறு வண்டி. மோட்டோகிராஸ் வண்டியை மேடுபள்ளமான மண் பந்தயத் தடத்துக்காக மட்டுமே செய்கிறார்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஸ்பீடோமீட்டர் எதுவும் இருக்காது. 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எடை 110 கிலோவைச் சுற்றி, சக்தி ஏறக்குறைய 40 குதிரைசக்தி. சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் சுமார் 300 மி.மீ. அமுங்கும். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 19 அங்குலம்.

ஹீரோ கம்பெனியின் சாலை வண்டியான எக்ஸ்பல்ஸ் 200 4வி 159 கிலோ, 19.1 பிஎஸ் (பிஎஸ் என்பதும் ஏறக்குறைய குதிரைசக்திதான்). சஸ்பென்ஷன் முன்னால் 190 மி.மீ., பின்னால் 170 மி.மீ. அமுங்கும். ரேலி கிட் போட்டால் 250, 220 ஆகும். மண்ணில் ஓட்டப் பழக அதைவிட நல்ல வண்டியை அந்த விலைக்கு நான் பார்க்கவில்லை. ஆனால் அதைக் கவாசாகி கேஎக்ஸ்250 என்ற மோட்டோகிராஸ் வண்டி பக்கத்தில் நிறுத்தி "எது கொள்ளாம்?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஒரே இனத்து வண்டிகளைத்தான் ஒப்பிட வேண்டும். கீழே சொல்லும் சோதனை முறை இரண்டு இனத்துக்கும் பொருந்தும், எண்கள்தான் மாறும்.

டக்கார்ல ஓடுற வண்டியும் இதும் ஒண்ணா?

இல்லை. டக்கார் என்ற நெடுந்தூரப் பந்தயத்து வண்டியும் 450 சிசிதான், ஆனால் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போவதற்குப் பெரிய டேங்கும் வழிகாட்டும் கருவிகளும் சுமந்தது. 2015இல் டக்காரை ஓடி முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ், அதற்கு முன் நம் நாட்டுச் சூப்பர்கிராஸ், மோட்டோகிராஸ் தடங்களில் பெயர் வாங்கியவர். அங்கே கற்றது இங்கே உதவும், வண்டி மட்டும் வேறு.

டிஎன் 74 நம்பர் போட்டு ரோட்டுல எடுக்க முடியாதா? டிஎன் 75ல சமாளிக்கலாம்னு ஒருத்தன் சொன்னான்.

நாகர்கோவிலிலும் (டிஎன் 74) முடியாது, மார்த்தாண்டத்திலும் (டிஎன் 75) முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது. சாலைக்கான ஒப்புதலே இல்லாத மோட்டோகிராஸ் வண்டிக்குப் பதிவு கிடைக்காது. லைட்டும் கண்ணாடியும் மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவரை நம்பிப் பைசா கொடுக்க வேண்டாம். இந்த வண்டி தடத்துக்கு டெம்போவில்தான் போகும், டெம்போவில்தான் வரும். வாங்கும் முன் அந்த வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாரே, நம்ம மாவட்டத்துல எங்க வச்சு ஓட்டிப் பாக்கலாம்?

எங்கே கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காடு. வன உயிரினச் சரணாலயமும் காப்புக்காடும் சேர்ந்த பகுதி. அங்கே வண்டியை இறக்கினால் வழக்குதான். சானல்கரையில் ஆட்கள் நடப்பார்கள், குளிக்கப் போவார்கள். வறண்ட குளத்துக்குள் இறங்குவதற்கும் யாரும் உரிமை தரவில்லை. கடற்கரையில் கடலாமை முட்டையிடும் இடங்கள் உண்டு, வலை காயும், கட்டுமரம் நிற்கும்.

கடற்கரை வேண்டாம் என்பதற்கு வண்டி பக்கத்துக் காரணம் ஒன்றும் இருக்கிறது. மணவாளக்குறிச்சி சுற்றுவட்டார மணலில் இல்மனைட், சிர்கான், கார்னெட் போன்ற கனிமங்கள் கலந்திருக்கின்றன. கார்னெட்டை உப்புத்தாளுக்கே பயன்படுத்துகிறார்கள். அதை ஃபோர்க் சீலுக்கும் செயினுக்கும் இடையில் விட்டு ஓட்டுவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

மிச்சம் இருப்பது தனியார் நிலம். குலசேகரம், அருமனை பக்கம் மறுநடவுக்காக மரம் வெட்டிய ரப்பர் விளை கிடைத்தால் அதுதான் யோகம். ஏற்றம், இறக்கம், செம்மண், மேலே உருளுகிற சரள், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குறைந்தது இரண்டு பேராவது கூட இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் உள்ளே வரும் வழி எது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் தடத்துக்குச் சுண்ணாம்பு போட வேண்டும்.

250 எடுக்கட்டா, 450 எடுக்கட்டா?

250. இதைக் கேட்கிற ஆள் 250தான் எடுக்க வேண்டும். 450 வேண்டிய ஆள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

450 ஏறக்குறைய 55 குதிரைசக்தி தரும், எடையோ 250ஐவிட ஒருசில கிலோதான் கூடுதல். நம் விளைகளில் அமைகிற தடம் குறுகல்; வளைவுக்கு வளைவு தூரம் கம்மி. ஆக்சிலரேட்டரைப் பாதி திறக்கும் முன்னே அடுத்த வளைவு வந்துவிடும். பாதி சக்தியை அடக்குவதிலேயே கை சோர்ந்துபோகும். 2024இல் தொடங்கிய இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீகிலும் 450 பிரிவு வெளிநாட்டு வீரர்களுக்கு, இந்திய வீரர்கள் ஓடியது 250இல்.

டூ ஸ்ட்ரோக்குதான் கெத்துன்னு எங்க அப்பா சொல்றாரு. எனக்க வீட்டுல பழைய ஆர்எக்ஸ் 100 நிக்குது.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி இலகுவானது, எஞ்சினைப் பிரித்து மாட்டச் செலவு குறைவு, நல்ல ஓட்டுநரை உருவாக்கும். 125 சிசியிலேயே 35 குதிரைசக்திக்கு மேல் வரும். ஆனால் சக்தி முழுவதும் மேல் ஆர்பிஎம்மில் குவிந்திருக்கும், கிளட்சும் கியரும் ஓயாமல் வேலை செய்யும். ஆர்எக்ஸ் 100 சுமார் 11 குதிரைசக்தி உள்ள சாலை வண்டி. அதன் ஃபிரேமும் ஃபோர்க்கும் குதித்து இறங்கச் செய்யப்பட்டவை அல்ல. அதைத் துடைத்துப் பத்திரமாக வையுங்கள், இன்றைக்கு அதற்கு நல்ல விலை.

ரெண்டு வண்டி கையில இருக்கு. ஒப்பிடணும்னா முதல்ல என்ன செய்யணும்?

முதலில் ஓட்டக்கூடாது. பெரும்பாலான ஒப்பீடு கெட்டுப்போவது இங்கேதான். ஒருவனுடைய வண்டியில் புது டயர், மற்றவனுடையதில் மொட்டை டயர். ஒன்றில் டேங்க் நிறையப் பெட்ரோல், இன்னொன்றில் ரிசர்வ். கடைசியில் "உனக்க வண்டி வளையமாட்டேங்குது" என்று தீர்ப்பு. வளையாமல் போனது வண்டியா, டயரா?

இரண்டிலும் ஒரே வகை டயர், ஒரே தேய்மானம், ஒரே காற்று. பெட்ரோல் ஒரே அளவு; ஒரு லிட்டர் முக்கால் கிலோ எடை, எக்ஸ்பல்ஸின் 13 லிட்டர் டேங்க் நிறைந்தால் பத்துக் கிலோ கிட்ட வரும். ஹேண்டில்பார் கோணம், பிரேக் லீவர், கிளட்ச் லீவர் எல்லாம் ஓட்டுகிறவர் கைக்கு ஏற்றபடி. செயின் தளர்வு இரண்டும் கம்பெனி சொன்ன அளவில். இதையெல்லாம் முடித்த பிறகு சஸ்பென்ஷன் சாக்.

சாக், சாக்னு சொல்றீங்க. அத வீட்டுல வச்சு எப்பிடி அளக்கிறது?

நீங்கள் ஏறி உட்காரும்போது பின் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் சாக். மூன்று பேர் வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரம் தரையில் படாமல் வையுங்கள். பின் ஆக்சிலின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி. அங்கே ஒட்டுகிற டேப்பில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தூரம் 600 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வண்டியைத் தரையில் இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ், நெஞ்சுக் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறுங்கள். இந்தச் சாமான்களே பல கிலோ வரும், லுங்கியோடு உட்கார்ந்து அளந்தால் கணக்கு தப்பும். ஒருவர் ஹேண்டிலைப் பிடிக்க, நீங்கள் இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டு, ஓட்டும்போது உட்காரும் இடத்தில் அசையாமல் இருங்கள். மூன்றாமவர் அளக்கட்டும். 495 வந்தால் சாக் 105.

முழு அளவு மோட்டோகிராஸ் வண்டிக்கு 100 முதல் 105 மி.மீ. வரை நல்ல தொடக்கம். பொதுவாக மொத்த அமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. 170 மி.மீ. மட்டும் அமுங்கும் சாலை வண்டிக்கு 50 முதல் 55 போதும். கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள வளைய நட்டைத் திருக வேண்டும். அதற்கு முன் அந்த மரையில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் மரை போய்விடும்.

எனக்கு 56 கிலோதான். சாக் 105க்கு வச்சாச்சு. அப்பவும் பின்னாடி தூக்கித் தூக்கி அடிக்குதே?

இன்னொரு அளவையும் எடுங்கள். யாரும் ஏறாமல் வண்டி தன் எடையிலேயே எவ்வளவு அமுங்குகிறது? 30 முதல் 40 மி.மீ. வந்தால் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருந்துகிறது. 40ஐத் தாண்டிப் போனால் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம். மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும், வளைய நட்டால் தீராது.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான். ஆள் ஏறாத சாக் குறைவாக இருந்தால் "ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கு" என்பார்கள். உண்மையில் அந்த ஸ்பிரிங் ஓட்டுநருக்கு மென்மையானது. 105ஐக் கொண்டுவர அதை அளவுக்கு மேல் இறுக்கியிருப்பார்கள், அதனால் வண்டி வெறுமனே நிற்கும்போது அமுங்காது. கம்பெனி ஸ்பிரிங் பெரும்பாலும் 70, 80 கிலோ ஆளுக்கு ஏற்றது. நம் பையன்களில் பாதிப்பேர் அதற்குக் கீழே. வண்டி மோசம் என்று விற்றுவிட்டுப் போனவர்களில் சிலருக்கு ஸ்பிரிங் மாற்றினாலே போதுமாக இருந்தது.

டயர்ல காத்து எவ்வளவு?

மோட்டோகிராஸ் டயருக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ. சரளில் கல் அதிகம் என்றால் 14க்குக் கீழே போகாதீர்கள். எக்ஸ்பல்ஸ் மாதிரி வண்டிக்கு மண்ணில் 18ஐ ஒட்டி. ரோட்டுக்கு ஏறும் முன் திரும்ப நிரப்ப வேண்டும். ரிம்லாக் (டயரை ரிம்மோடு பிடித்து வைக்கும் கிளாம்ப்) இல்லாமல் குறைந்த காற்றில் ஓட்டினால் டயர் ரிம்மில் சுற்றி டியூப் வாய் பிய்ந்துவிடும்.

வெயிலில் நின்ற டயரில் அளக்காதீர்கள். நிழலில், ஓட்டும் முன், எப்போதும் ஒரே கேஜ். பெட்ரோல் பங்க் மெஷின் 12க்கும் 15க்கும் உள்ள வித்தியாசத்தை ஒழுங்காகக் காட்டாது.

கிளிக்கரத் திருகித் திருகிப் பாத்தேன். ஒரு வித்தியாசமும் தெரியலியே?

கிளிக்கர் என்பது சஸ்பென்ஷன் அமுங்கி எழும்பும் வேகத்தை மாற்றும் திருகு. அதில் ஒரு கிளிக் திருகினால் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதலில் இப்போதுள்ள இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாக வலப்பக்கம் முழுவதும் மூடும்வரை கிளிக்குகளை எண்ணுங்கள். முரட்டுத்தனம் வேண்டாம், உள்ளே உள்ள ஊசி கெடும். பிறகு ரீபவுண்டை (அமுங்கியது திரும்ப எழும்பும் வேகம்) மட்டும் எடுத்து, ஏறக்குறைய மூடிய நிலையில் ஒரு சுற்று, ஏறக்குறைய திறந்த நிலையில் ஒரு சுற்று, நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, குதிக்காமல் ஓட்டிப் பாருங்கள். இரண்டு எல்லையும் உடம்புக்குத் தெரிந்துவிட்டால் நடுவில் தேடுவது சுலபம். அப்புறம் இரண்டு இரண்டு கிளிக்காக மாற்றலாம்.

ரீபவுண்ட் மிக மெதுவாக இருந்தால் அடுத்தடுத்த குழிகளில் பின்பக்கம் எழும்ப நேரமில்லாமல் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும். கடைசிக் குழியில் பலமாக இடிக்கும். மிக வேகமாக இருந்தால் மேட்டில் பின்பக்கம் உதைத்துத் தூக்கும். கம்ப்ரெஷனில் (அமுங்குவதற்கான திருகில்) "ஹை ஸ்பீடு", "லோ ஸ்பீடு" என்று எழுதியிருப்பது வண்டி வேகம் அல்ல, ஷாக் அமுங்கும் வேகம். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வேரில் ஏறினாலும் அது ஹை ஸ்பீடுதான்.

நேர்ல போகும்போது ஹேண்டில் ஆடுது. வளைவுல முன்சக்கரம் வெளிய ஓடுது. ஒரே வண்டில ரெண்டும் வருமா?

பெரும்பாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசை. பின்பக்கம் உயரமாக நின்றால், அதாவது சாக் குறைவாக இருந்தால், ஃபோர்க் செங்குத்தாகும். சட்டென்று வளையும், நேர் ஓட்டத்தில் ஹேண்டில் ஆடும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் முன்பக்கப் பாரம் குறைந்து வளைவில் வெளியே ஓடும். ஃபோர்க்கைக் கிளாம்பில் 3, 5 மி.மீ. மேலே தூக்கினாலோ இறக்கினாலோ இதே விளைவுதான். ஒரே வண்டியில் இரண்டும் வந்தால் செட்டிங்கைத் தொடும் முன் ஸ்டீரிங் பேரிங்கைப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிவைத்து ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' என்று ஒரு தட்டு கையில் தெரியும்.

இதெல்லாம் எதுக்கு? ஸ்டாப்வாட்ச்ச வச்சு லேப் டைம் எடுத்தா தெரிஞ்சிருமே?

தெரியும், ஆனால் எதை அளக்கிறீர்கள் என்று தெரிந்திருந்தால். ஒரே வண்டியில் நீங்கள் ஐந்து சுற்று போய், நல்ல சுற்றுக்கும் மோசமான சுற்றுக்கும் இரண்டு நொடி வித்தியாசம் வந்தால், இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு நொடி வந்தது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதலில் உங்கள் ஓட்டம் சீராக வேண்டும்.

இன்னொன்று, தடம் ஓடஓட மாறிக்கொண்டே இருக்கும். காலையில் ஈரப்பதம் உள்ள செம்மண் பிடித்துக்கொள்ளும். பத்து மணிக்கு மேல் மேலாகத் தூசியும் சரளும் மட்டும் மிச்சம். இரண்டாவதாக ஓட்டிய வண்டிக்கு மோசமான தடமும் களைத்துப்போன ஓட்டுநரும்தான் கிடைப்பார்கள். அதனால் முதல் வண்டி, இரண்டாவது வண்டி, மறுபடி முதல் வண்டி என்ற வரிசையில் ஓட்டுங்கள். கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தை ஒட்டி வந்தால் நடுவில் கிடைத்த எண்ணை நம்பலாம். தடத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரை ஸ்டாப்வாட்ச்சோடு நிறுத்தினால் எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதும் தெரியும். ஃபோன் ஜிபிஎஸ்ஸில் சில மீட்டர் பிசகு சாதாரணம், குறுகிய தடத்துக்கு அது உதவாது.

பெங்களூர்ல டைனோல ஏத்துன எண்ணும் இங்க ஏத்துன எண்ணும் ஒத்துவரல. யாரு பொய் சொல்றா?

டைனோ என்பது வண்டியின் சக்தியை அளக்கும் கருவி. யாரும் பொய் சொல்லவில்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிது. டர்போ இல்லாத எஞ்சின் 8, 9 சதவீதம் சக்தியை இழக்கும். நாகர்கோவில் கடல் மட்டத்தை ஒட்டி இருப்பதால் அந்த இழப்பு இல்லை. ஆனால் நம் வெயிலும் புழுக்கமும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும்: வெப்பம் 10 டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி 3 சதவீதம் போல் குறையும். உயரத்துக்கும் வெப்பத்துக்கும் திருத்தக் கணக்குப் போட்ட எண்ணா, போடாத எண்ணா என்று கேளுங்கள். கம்பெனி சொல்வது கிராங்க் சக்தி, அதாவது எஞ்சினிலேயே அளந்தது; டைனோ காட்டுவது சக்கரத்துச் சக்தி. 10 முதல் 15 சதவீதம் குறைந்து வருவது இயல்பு. ஒரே டைனோவில், ஒரே நாளில் ஏற்றிய இரண்டு வண்டிகளின் எண்ணைத்தான் நான் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன்.

ஆனி, ஆடில டெஸ்ட் வச்சா என்ன?

மேற்கே மழை, கிழக்கே காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் குறுக்குக்காற்றில் 110 கிலோ வண்டியை ஆகாயத்தில் தூக்கினால் வேறு இடத்தில் இறங்கும். நேர் ஓட்ட வேகம் மட்டும் பார்ப்பதென்றால் போகவும் வரவும் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். மற்றபடி மாசி, பங்குனி காலை நேரம் நல்லது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஈரத் தடத்தில் ஒரு தடவை, காய்ந்த தடத்தில் ஒரு தடவை என்று தனித்தனியாகக் குறிப்பு வைத்தால் இன்னும் நல்லது.

450 ஓட்டும்போது பறக்கிற மாதிரி இருக்கு, வாட்ச்ல பாத்தா 250தான் வேகம். வாட்ச் கோளாறா?

வாட்ச் சரிதான். கை இழுபடுவதும், சத்தமும், பின்சக்கரம் மண்ணை வாரி இறைப்பதும் மூளைக்கு வேகமாகத் தோன்றும். சக்கரம் வழுக்குகிற நேரம் வண்டி முன்னேறாத நேரம். நன்றாக அமைந்த வண்டி பரபரப்பே இல்லாமல் போகும். அதை ஓட்டிவிட்டு இறங்கியவன் "இதுல ஒண்ணும் இல்ல" என்பான், நேரம் குறைந்திருக்கும்.

இதைத் தாண்ட ஒரு தந்திரம் உண்டு. என்ன மாற்றினார்கள் என்பதை ஓட்டுகிறவருக்குச் சொல்லாதீர்கள். சில தடவை எதையுமே மாற்றாமல் "மாத்தியாச்சு" என்று சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்து "இப்பதான் வண்டி வண்டியா இருக்கு" என்று சொன்னால், அன்றைக்கு அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதவே வேண்டாம். இறங்கியவர் நண்பர்களிடம் பேசும் முன் பிரேக் பிடிக்கும் இடம், வளைவின் நுழைவு, நடு, வெளியேற்றம், தரையிறக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவிட வேண்டும். நாலு பேர் பேச ஆரம்பித்தால் சத்தமாகப் பேசுகிறவரின் கருத்துதான் எல்லார் கருத்தும் ஆகிவிடும்.

கியரிங் மாத்தினா 250க்கு 450 மாதிரி இழுப்பு வருமா?

450 ஆகாது. ஆனால் வளைவிலிருந்து எழும்பும்போது மந்தமாக இருந்தால் பின் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டிப் பாருங்கள். முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் மாற்றுவது பின்னால் மூன்றரைப் பல் மாற்றியதற்குச் சமம், அதனால் முன்பக்கத்தைக் கடைசியில் தொடுங்கள். பல் மாற்றினால் ஆக்சில் முன்னே பின்னே நகரும், வீல்பேஸும் (இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) மாறும். அதனால் சாக்கை மறுபடி அளக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டு கேஎக்ஸ் ஒண்ணு வந்திருக்கு. ஓட்டிப் பாக்கும்போது எதப் பாக்கணும்?

ஓட்டும் முன்பே பாதி தெரிந்துவிடும். எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வரும் முன்னே சூடாக்கி வைத்திருந்தால் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல். இந்த வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான். மணி மீட்டர் இல்லாவிட்டால் பிஸ்டன் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பந்தயத்தில் ஓடிய 250க்கு அது சில பத்து மணி நேரத்துக்கு ஒரு தடவை வரும் செலவு. ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் வந்தால் எஞ்சினும் செம்மண் தின்றிருக்கிறது, விலையை அதற்கேற்றபடி பேசுங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

பின்சக்கரத்தைத் தூக்கி ஆட்டி லிங்கேஜில் (பின் ஷாக்கை இணைக்கும் மூட்டுகளில்) தளர்வு பாருங்கள். மேலே சொன்ன ஸ்டீரிங் பேரிங் சோதனையையும் செய்யுங்கள். ஸ்போக்குகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் தளர்ந்தது மட்டும் செத்த சத்தம் கொடுக்கும். கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் ஸ்போக் நிப்பிள், ரேடியேட்டர், வயர் சாக்கெட் மூன்றிலும் உப்புத் துரு தேடுங்கள். கடைசியாகக் காகிதம். ஆர்சி கிடையாது என்பதால் அசல் இன்வாய்ஸ்தான் உங்களுக்கு ஆதாரம். அதிலுள்ள ஃபிரேம் நம்பரும் வண்டியின் கழுத்தில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு பைசாவை எண்ணுங்கள்.